சாகுந்தலத்தில் மறதியும் சான்றும்

முன்னுரை

நாடக மாந்தரின் பண்பை ஆராயப் புகுவோர் பெரும்பாலும் இரு நெறிகளுள் ஒன்றைப் பற்றிச் செல்வர். மாந்தர் ஒவ்வொருவரையும் தனித்தனியே நிறுத்தி, இவர் நல்லர், இவர் தீயர், இவர் பேதையர் எனக் குணந்தொகுத்துரைப்பது ஒரு நெறி. நாடகத்தின் உட்கோளை முதற்கண் வரையறுத்துக்கொண்டு, மாந்தரை அதற்கு எடுத்துக்காட்டாக்குவது மற்றொரு நெறி. முன்னதில் நாடகம் சிதறும். பின்னதில் மாந்தர் உயிரிழப்பர். ஒரு நாடகத்துள் யார், எப்பொழுது, எதனை அறிகின்றார், எதனை அறியாதிருக்கின்றார் என்னும் வினாவைக் கைவிளக்காகக் கொண்டு செல்லின் இவ்விரு குறையும் நீங்கும் என்பது எம் கருத்து. அம்முறையைக் காளிதாசரின் அபிஞ்ஞான சாகுந்தலத்தின்மேல் வைத்து ஈண்டு ஆராய்வாம்.

ஏழு அங்கங்களால் ஆகிய இந்நாடகம் 1789-இல் வில்லியம் சோன்சு என்பாரால் ஆங்கிலத்திற் பெயர்க்கப்பட்டது. அப்பெயர்ப்பின் வழியே செருமானிய மொழிக்குச் சென்று, 1791-இல் கதே என்னும் பெருங்கவிஞரின் பாராட்டைப் பெற்றது. தமிழில் மறைமலையடிகள் 1907-இல் இதனை மொழிபெயர்த்து வெளியிட்டதோடு அமையாது, இதன்மேல் விரிவான ஆராய்ச்சி நூலும் இயற்றினார். ஆகவே, தமிழ் மாணாக்கர்க்கு இது புதிய நூலன்று. எனினும், இந்நூல் பற்றிய ஒரு வினா இன்னும் முடிந்த முடிபு காணாமல் நிற்கின்றது. துருவாசர் இட்ட சாபம் துசியந்தனின் குற்றத்தை மறைக்கப் புலவர் பூசிய வெள்ளைதானா, அன்றி நாடகத்தின் உயிர்நிலையா என்பதே அவ்வினா.

மூலக்கதையும் நாடகக்கதையும்

மகாபாரதத்து ஆதிபருவத்தில் வரும் சகுந்தலை கதையிற் சாபமும் இல்லை, கணையாழியும் இல்லை. ஆங்குத் துசியந்தன் சகுந்தலையை நன்கு நினைவிற் கொண்டிருந்தே, நினைவில்லை எனக் கூறுகின்றான். தன் மகனே பின்னர் அரசனாதல் வேண்டும் என்னும் உறுதியைப் பெற்ற பின்னரே மணத்திற்கு இசைந்தவள் அச்சகுந்தலை. மகனைக் கையிற் பிடித்துக்கொண்டு அவைக்கு வந்து, மன்னன் மறுத்தபொழுது, கதிரவனும் திங்களும் தீயும் காற்றும் அவரவர் நெஞ்சமும் கண்டிருக்கும் செயலை மறைத்தல் ஒண்ணாது என வழக்குரைக்கின்றாள். முடிவில் வானொலி ஒன்று எழுந்து மெய்ம்மையை நிலைநாட்டுகின்றது. தான் முன்னரே அறிந்திருந்ததாகவும், உலகோர் ஐயுறாவண்ணம் தெய்வமே கூறுதல் வேண்டி மறுத்ததாகவும் மன்னன் அமைதி கூறுகின்றான்.

கணையாழி பற்றிய குறிப்புப் பௌத்த சாதகக் கதைகளுள் ஒன்றாகிய கட்டகாரி சாதகத்திற் காணப்படுகின்றது. விறகு பொறுக்கும் மகள் ஒருத்தியைக் கூடிய வாரணாசி மன்னன் அவளுக்குத் தன் கணையாழியைக் கொடுக்கின்றான். அவள் மகனோடும் கணையாழியோடும் வந்து நின்றபொழுது, அவையோர் முன் நாணி அதனைத் தன்னதன்று என்கின்றான். ஈண்டும் மறுப்பவன் அறிந்தே மறுக்கின்றான்.

இவ்விரு கதைகளிலும் மன்னனின் பொய்யே இடர். காளிதாசர் அப்பொய்யை நீக்கி, அவ்விடத்தில் மறதியை வைத்தார். நாடகத் தலைவன் உயர்ந்தோனாதல் வேண்டும் என்னும் வடமொழி நாடக மரபு இம்மாற்றத்திற்கு ஒரு காரணமாகலாம். ஆயின் அதுவே முழுக் காரணம் எனக் கொண்டால், நாடகத்தின் பிற பகுதிகள் பலவற்றிற்கு விளக்கம் இல்லாமற்போம். பொய்யன் ஒருவனை மெய்ம்மையால் வெல்லலாம். மெய்யாகவே மறந்தவனை எதனால் வெல்வது? இவ்வினா மூலக்கதையில் எழ இடமில்லை. நாடகத்தில் எழுந்தது இதுவே.

சாபத்தை அறிந்தவர் யாவர்?

நான்காம் அங்கத்தின் தொடக்கத்தில், கணவன் நினைவில் ஆழ்ந்திருந்த சகுந்தலை வாயிலில் வந்து நின்ற துருவாசரை உணரவில்லை. அவள் எவனை நினைந்திருந்தாளோ அவன் அவளை மறப்பானாக எனச் சபித்து முனிவர் சென்றார். அச்சாபச் சொல் சகுந்தலையின் செவியிற் புகவில்லை. மலர் கொய்துகொண்டிருந்த தோழியர் இருவரே கேட்டனர். பிரியம்வதை ஓடிச்சென்று இறைஞ்ச, அடையாள அணியைக் கண்டவுடன் சாபம் நீங்கும் என்னும் தீர்வு கிடைத்தது. மென்மையான உள்ளத்தினளாகிய சகுந்தலை இதனைத் தாங்காள் எனக் கருதி, தோழியர் இருவரும் அதனைத் தம்முள்ளேயே அடக்கினர்.

இவ்வோர் அடக்கமே பின்னிகழும் அனைத்திற்கும் காரணமாதல் காண்க. துசியந்தன் சாபத்தை அறியான், சகுந்தலையும் அறியாள், வளர்த்த தந்தையாகிய கண்ணுவருக்கும் தோழியர் சொல்லவில்லை. மன்னனிடமிருந்து ஓலை ஒன்றும் வாராமை கண்டு அனசூயை உள்ளம் வெதும்புகின்றாள். சாபம் வேலை செய்கின்றது என்பதை உணர்கின்றாள். எனினும் வாய் திறந்திலள். பிரிவின்போது, மன்னன் உன்னை அறியத் தயங்குவானாயின் இக்கணையாழியைக் காட்டுக என்று மட்டும் கூறுகின்றனர். அச்சொற்கே சகுந்தலை நடுங்குகின்றாள். அந்நடுக்கத்தைக் கண்டு, அன்பு மிக்க உள்ளம் வீணே ஐயுறும் எனத் தோழியர் ஆற்றுவித்துவிடுகின்றனர்.

தீமை செய்யக் கருதியவர் இந்நாடகத்துள் ஒருவரும் இலர் என்பதை ஈண்டு நினைவிற் கொள்ளல் வேண்டும். துருவாசர் மேடையில் தோன்றாமலே குரலாக வந்து குரலாக மறைகின்றார். எஞ்சியோர் யாவரும் அன்பினராகவும் கடமையினராகவும் உளர். அவ்வன்பும் கடமையுமே அறிவை மறைக்கும் திரைகளாகின்றன. சாபம் என்னும் தெய்வ நிகழ்ச்சிக்குக் கைகொடுத்தது மாந்தரின் நல்லெண்ணமே.

துசியந்தன்

மறதி வெளியினின்று வந்ததாயினும், அதற்கு இடந்தரும் இயல்பு மன்னன்பால் முன்னரே இருந்ததைக் காளிதாசர் நுண்ணிதாகக் காட்டிச் செல்கின்றார். முதல் அங்கத்தில் அவன் தன்னை அரச அலுவலன் என மறைத்துக் கூறுகின்றான். சகுந்தலையின் கடனைத் தீர்க்க அவன் நீட்டிய கணையாழியிற் பொறித்த பெயரைத் தோழியர் படித்து ஒருவரையொருவர் நோக்கியபொழுது, அது மன்னன் தனக்களித்த பரிசு என்கின்றான். பின்னர் உண்மைக்குச் சான்றாக வேண்டிய அவ்வணி நாடகத்துள் முதன்முதற் கண்ணுக்குப் பட்டது ஒரு பொய்யின் துணையாகவே.

இரண்டாம் அங்கத்தில் தன் காதலை விதூடகனாகிய மாதவ்வியனிடம் விரித்துரைக்கின்றான். அவனைத் தலைநகர்க்கு அனுப்ப நேர்ந்தபொழுது, இவன் அந்தப்புரத்து மகளிரிடம் உளறிவிடுவான் என அஞ்சி, தான் கூறியதெல்லாம் விளையாட்டு எனச் சொல்லிவிடுகின்றான். மறந்த மன்னனுக்கு நினைவூட்டக்கூடிய ஒரே நண்பன் இச்சொல்லால் வாயடைக்கப்பட்டான். பின்னர் ஆறாம் அங்கத்தில், ஏன் எனக்கு நினைவூட்டவில்லை என மன்னன் வருந்திக் கேட்டபொழுது, அனைத்தும் விளையாட்டென்று நீரே கூறினீர், யான் நம்பினேன் என அவன் விடை இறுக்கின்றான். இவ்விடத்தில் நகைச்சுவை மாந்தன் ஒருவன் நாடகத்தின் கடுமையான தீர்ப்பை உரைத்துவிடுகின்றான் எனலாம். முனிவரின் சாபம் பின்னர். மன்னன் தானே அழித்த சான்று முன்னர்.

ஐந்தாம் அங்கம் அமிசபதிகை என்னும் அரசியின் இசைப்பாட்டோடு தொடங்குகின்றது. புதுத்தேன் நாடிய வண்டு பழமலரை மறந்தது என்னும் பொருள்பட அவள் பாடுகின்றாள். மன்னன் அதனைத் தனக்கு இட்ட இடித்துரையாக உணர்ந்து புன்முறுவல் செய்கின்றான். சாபமின்றியே மறக்கப்பட்ட மகளிர் அவ்வரண்மனையில் உளர் என்பதை அப்பாட்டு அறிவிக்கின்றது. இரவீந்திரநாத தாகூர் சகுந்தலை பற்றிய தம் கட்டுரையில் இவ்விடத்தைச் சுட்டி, சாபத்தால் நிகழ்ந்ததாகக் காட்டப்படுவதன் வித்து மன்னன் இயல்பிலேயே இருந்தது என விளக்கினார். அவ்விளக்கம் ஏற்புடைத்தே. ஆயின் அதனோடு ஒன்றைச் சேர்த்தல் வேண்டும் என்பது எம் கருத்து.

சகுந்தலையை மன்னன் மறுப்பது இழிகுணத்தால் மட்டுமன்று, நற்குணத்தாலுமாம். பிறன் மனைவியை நோக்குதல் தகாது என அவன் பார்வையை விலக்குகின்றான். வலிய வந்த பேரழகைக் கண்டும் இவ்வாறு ஆராய்ந்து நிற்பவர் பிறர் யார் என வாயில் காக்கும் மகள் வியக்கின்றாள். அவன் நினைவு நிற்கும் அளவில் அவன் செய்வது அறமே. அவ்வறமே குற்றமற்ற ஒருத்தியைத் தெருவில் நிறுத்துகின்றது. தீயவன் ஒருவனது கொடுமையைக் காட்டிலும் நல்லவன் ஒருவனது அறியாமை மிகுந்த துன்பத்தை விளைக்கும் என்பதை இவ்வங்கம் காட்டுகின்றது.

சகுந்தலையும் தோற்ற சான்றுகளும்

அவையில் நின்ற சகுந்தலைக்கு இருந்த சான்றுகளை எண்ணிப்பார்ப்பாம். முதலாவது, அவளை அழைத்து வந்த தவத்தோர் சொல். கண்ணுவரின் மாணாக்கனாகிய சார்ங்கரவன் கடிந்துரைத்தும் மன்னன் நெஞ்சம் அசையவில்லை. இரண்டாவது, அவள் முகம். கௌதமி அவள் முகத்திரையை நீக்கிக் காட்டியும் பயனில்லை. மூன்றாவது, கணையாழி. அது நீர்த்துறையில் வழிபட்டபொழுது விரலினின்று நழுவிப் போயிற்று. நான்காவது, அவள் வயிற்றில் வளரும் கரு. அதுவே அவளுக்கு எதிராகிப் பழிக்கு இடமாகின்றது.

ஐந்தாவதாக அவள் எடுத்துக் காட்டியது ஒரு நினைவு. ஒருநாள் தாமரையிலைத் தொன்னையில் மன்னன் நீட்டிய நீரை அவள் வளர்த்த மான்கன்று உண்ணாமல் ஒதுங்கியதும், அவள் கையால் நீட்டியபொழுது உண்டதும், இருவரும் காட்டினர், ஒத்த இனத்தை நம்புகின்றீர் என மன்னன் நகையாடியதும் ஆகிய சிறு நிகழ்ச்சி அது. அரச முத்திரையைக் காட்டிலும் மெய்யான சான்று அதுவே. ஏனெனில் அவ்விருவரையன்றிப் பிறர் அறியாதது. ஆயின் அதனாலேயே அது அவையிற் செல்லவில்லை. இருவர் மட்டுமே அறிந்த ஒன்றை இருவருள் ஒருவர் மறந்தால், மற்றவர் சொல் வெறுங்கதையாகிவிடும். மன்னன் அதனைப் பெண்டிர்க்கு இயல்பான சூழ்ச்சி என்கின்றான். தன் முட்டையைப் பிற பறவையின் கூட்டில் வளரவிடும் குயிலை உவமை காட்டுகின்றான்.

மகாபாரதச் சகுந்தலை வீரம் மிக்கவள். காளிதாசர் அவளை மெல்லியளாக்கிவிட்டார் எனக் குறை கூறுவோர் உளர். அக்கூற்று இவ்விடத்தை நோக்கப் பொருந்தாது. இவ்விழிசொல்லைக் கேட்டவுடன் சகுந்தலை மன்னனைப் பண்பற்றவன் என விளித்து, புல் மூடிய கிணறு போல அறவேடம் பூண்டவன் எனச் சினந்துரைக்கின்றாள். வனத்தில் வளர்ந்தவள் பேரரசனை அவன் அவையிலேயே இவ்வாறு இடித்துரைத்தல் எளிதன்று. பின்னர்த் தவத்தோரும் அவளை விட்டு நீங்க, அழுதுகொண்டு பின்தொடர்ந்தவளைச் சார்ங்கரவன் திருப்பி நிறுத்துகின்றான். கணவனும் ஏலான், பிறந்தகமும் ஏலாது. நிலமே, எனக்கு இடம் கொடு என்பது தவிர அவளுக்குச் சொல் எஞ்சவில்லை.

களவும் கரணமும்

இவ்விடத்தில் தமிழ் மாணாக்கர் நினைவு அகப்பொருள் மரபை நோக்கிச் செல்லுதல் இயல்பு. தொல்காப்பியர் களவொழுக்கத்தை விளக்குங்கால் அதனை வடநூலார் கூறும் எண்வகை மணத்துள் யாழோர் மணத்தோடு ஒப்பிட்டார். துசியந்தனும் சகுந்தலையும் கொண்ட மணம் அக்கந்தருவ மணமே. கற்பியலில், பொய்ம்மையும் தவறும் நேர்ந்தமையால் மணச் சடங்கு வகுக்கப்பட்டது என்னும் வரலாற்றையும் தொல்காப்பியர் குறித்தார். பொய் என்பது செய்ததனை மறைத்தல் என உரையாசிரியர் விளக்குவர். அவ்வகையில் மகாபாரதத் துசியந்தன் செய்தது அப்பொய்யே.

சான்றில்லாக் காதலின் அச்சம் சங்கப் பாடல்களிற் பலபடப் பேசப்படுகின்றது. குறுந்தொகை 25-ஆம் பாட்டில் கபிலர் காட்டும் தலைவி, தலைவன் மணந்த நாளில் அருகிருந்தது மீனுக்குக் காத்திருந்த குருகு ஒன்றே என வருந்துகின்றாள். அக்குருகுக்குத் தன் இரையன்றிப் பிறிதில் நாட்டமில்லை. சகுந்தலையின் மான்கன்றையும் இக்குருகையும் ஒருங்கு வைத்து எண்ணுவார்க்கு, நிலமும் மொழியும் வேறாயினும் துயரம் ஒன்றே என்பது விளங்கும். அகநானூறு 256-ஆம் பாட்டோ, கள்ளூரில் ஒருத்தியின் நலம் கவர்ந்து பின் அறியேன் எனச் சூளுற்ற ஒருவனைச் சான்று வினாவிக் கண்டறிந்து, அவையத்தார் ஒறுத்த செய்தியைக் கூறுகின்றது. ஆங்குக் கரி கிடைத்தது, முறை வழங்கப்பட்டது.

இவ்வொப்புமையால் ஒருவர் மற்றவரிடம் கடன்கொண்டார் எனக் கூறுதல் எம் நோக்கமன்று. அதற்குச் சான்று இல்லை. மறைவில் நிகழும் மணம் உள்ள சமுதாயம் எதுவாயினும், அதில் இவ்விடர் எழும் என்பதும், அதனைப் புலவர் வெவ்வேறு வகையில் எதிர்கொண்டனர் என்பதுமே கருதற்பாலன. கள்ளூர் அவையம் பொய்யனை ஒறுத்தது. காளிதாசர் காட்டும் அவையில் ஒறுக்கத்தக்க பொய்யன் இல்லை. ஆயினும் துன்புற்றவள் ஒருத்தி இருக்கின்றாள். முறைமன்றம் தீர்க்க இயலாத வழக்கு இது.

கணையாழி மீண்ட பின்

ஆறாம் அங்கத்தில் மீன் வயிற்றினின்று கணையாழி கிடைக்க, மன்னன் நினைவு மீள்கின்றது. சான்று கிடைத்தது; ஆயின் எவளுக்குச் சான்றோ அவள் இல்லை. இளவேனில் விழாவை விலக்குகின்றான். அவள் உருவை ஓவியமாகத் தீட்டுகின்றான். அதில் எழுதிய வண்டை மெய்வண்டெனக் கடிகின்றான். அவையில் உயிரோடு நின்றவளை அறியாதவன் ஓவியத்தை உயிரெனக் கொள்ளும் இந்நிலை முன்னதன் மறுதலை.

இவ்வங்கத்தில் பலரும் விரைந்து கடந்து செல்லும் ஒரு சிறு பகுதியை யாம் சிறப்பாகக் கருதுகின்றோம். தனமித்திரன் என்னும் கடல்வணிகன் மகப்பேறின்றி இறந்தான், அவன் பொருள் அரசுக்கு உரியது என அமைச்சர் ஓலை வருகின்றது. அவன் மனைவியருள் எவரேனும் கருவுற்றிருக்கின்றாரா என மன்னன் வினவச் சொல்கின்றான். ஒருத்தி கருவுற்றிருப்பது தெரிந்தவுடன், வயிற்றுக் குழவியே தந்தை பொருட்கு உரியது எனத் தீர்ப்பளிக்கின்றான். உறவினரை இழந்தார்க்கெல்லாம் தானே உறவாவதாகப் பறையறைவிக்கின்றான். தன் வயிற்றுக் குழவியோடு வந்தவளை மறுத்தவன், பிறர் குழவியின் உரிமையை இப்பொழுது காக்கின்றான். தன் துயரம் அவன் முறைவழங்கலைத் திருத்தியது. மன்னன் மாற்றத்தைப் புலம்பலால் மட்டும் காட்டாமல், ஓர் அரசியற் செயலாலும் காட்டியது புலவர் திறன்.

ஏழாம் அங்கம்

மாரீசர் தவப்பள்ளியில் மன்னன் தன் மகனைக் காணும் காட்சி, ஐந்தாம் அங்கத்துச் சான்றாராய்ச்சியின் மறுபதிப்பாக அமைந்துள்ளது. சிங்கக் குட்டியின் வாயைத் திறக்க முயலும் சிறுவனைக் கண்டவுடன் மன்னன் உள்ளம் உருகுகின்றது. உள்ளங்கையிற் பேரரசர்க்குரிய அடையாளம், உருவ ஒப்புமை, குலத்தின் பெயர், தாயின் பெயர், முடிவில், பெற்றோரன்றிப் பிறர் தொட்டாற் பாம்பாகும் காப்பு நாணை அவன் எடுத்தும் அது மாறாமை. சான்றுகள் ஒவ்வொன்றாய் வர, இம்முறை மன்னனே அவற்றை வேட்கையோடு தேடுகின்றான். எனினும் தாயின் பெயரைத் தானே வினவத் தயங்குகின்றான். பிறன் மனைவியைப் பற்றி வினவுதல் தகாது என்பதே காரணம். அன்று கொடுமை விளைத்த அதே நற்பண்பு இன்றும் அவனிடம் உண்டு. ஆயின் இன்று அது பணிவோடு கூடியிருக்கின்றது.

சகுந்தலை ஒற்றைப் பின்னலும் மாசுண்ட ஆடையுமாக வருகின்றாள். கழிவிரக்கத்தால் மெலிந்து வெளிறிய மன்னனைக் கண்டு, இவர் என் கணவர்தாமோ என ஐயுறுகின்றாள். அறியப்படாதிருந்தவள் இப்பொழுது அறியத் தயங்கும் நிலையில் நிற்கின்றாள். இவர் யார் எனச் சிறுவன் கேட்க, உன் ஊழைக் கேள் என்கின்றாள். பழியும் மன்னிப்பும் ஒருங்கே அடங்கிய விடை அது. மன்னன் அவள் அடிகளில் வீழ்கின்றான்.

இதன்பின் வருவதே நாடகத்தின் முடிவான செய்தி என்பது எம் கோள். மன்னன் கணையாழியை அவள் விரலில் மீண்டும் அணிவிக்க நீட்டுகின்றான். அவள் அதனை ஏற்கவில்லை. இதனை யான் நம்பேன், தாமே அணிக என்கின்றாள். மன்னனை ஏற்றவள் கணையாழியை மறுத்தாள். அடையாளப் பொருளால் அறியப்படுதல் என்பதே பெயராகக் கொண்ட நாடகத்தில், அவ்வடையாளப் பொருளைத் தலைவியே விலக்கிவிடுவது எளிய செயலன்று. மாரீசர் சாபத்தை விளக்கும் பகுதி இதற்குப் பின்னரே வருகின்றது. அஃதாவது, மன்னன் குற்றமற்றவன் என்னும் செய்தி செவிப்படுமுன்னரே சகுந்தலை அவனை ஏற்றுவிட்டாள். சாபம் மன்னனுக்கு விடுதலை தந்தது உண்மை. ஆயின் அவள் மன்னிப்பு அச்சாபத்தைக் காரணமாகக் கொண்டதன்று.

முடிவுரை

மேற்கூறியவற்றால், துருவாசர் சாபம் மன்னனின் கறையைத் துடைக்கப் புகுத்தப்பட்ட கருவி மட்டுமே என்னும் கொள்கை பொருந்தாமை பெறப்படும். அது பொய்யை நீக்கியதன்வாயிலாக, பொய்யினும் தீர்த்தற்கரிய ஓரிடரை நாடகத்தின் நடுவே நிறுத்தியது. இருவர் அறிந்த உண்மையை மூன்றாமவர்க்கு மெய்ப்பிக்கச் சான்று வேண்டும். அச்சான்று எத்தகையதாயினும் தொலையக்கூடியது, காலந்தாழ்ந்து வரக்கூடியது, பொய்க்கும் துணையாகக் கூடியது. மான்கன்று நினைவும், ஓவியமும், கருவும், கணையாழியும் இவ்வுண்மையின் வெவ்வேறு முகங்கள். துசியந்தனின் நற்பண்பும், தோழியரின் அன்பும், சகுந்தலையின் தனிமையும் இதனோடு ஒட்டியே பொருள்படுகின்றன. இதனைத் தழுவி நோக்குவார்க்கு மாந்தர் பண்பும் நாடகத்தின் உட்கோளும் இரண்டாகத் தோன்றா.

யார் எதனை எப்பொழுது அறிந்தார் என்னும் இவ்வினாவைத் தமிழ் நாடகங்கள்மேலும், நாடகப் பாங்கு அமைந்த காப்பியப் பகுதிகள்மேலும் செலுத்திப் பார்த்தல் நலம். சிலப்பதிகார வழக்குரை காதையில் உடைத்துக் காட்டப்பட்ட ஒற்றைச் சிலம்பும் காலந்தாழ்ந்து வந்த சான்றே. ஆங்கு அறிந்தவுடன் மன்னன் உயிர் நீத்தான். ஈண்டு அறிந்தவன் உயிரோடிருந்து வருந்தித் திருந்தினான். இவ்விரு முடிவுகளின் வேற்றுமையைத் தனியே ஆராய்தல் பயனுடைத்து.